மண்பானை உரமா, மண்புழு உரமா?

வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும் சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க விரும்பும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிக் குடும்பங்களுக்கு இரண்டு எளிய வழிகள் உள்ளன. மண்புழு உரம் ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் கிடைத்துவிடும். செடிகளுக்கும் அதுவே மேலான ஊட்டம். ஆனால், 35 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே புழுக்கள் தளர்ந்துவிடுவதால், கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் மொட்டைமாடிகளில் அவற்றைக் காப்பாற்ற நிழலும், ஈரச் சாக்கும், அன்றாடக் கவனிப்பும் வேண்டும். துளையிட்ட மண்பானை 2 அல்லது 3 மாதம் எடுத்துக்கொண்டாலும், காய்கறித் தோலின்மேல் ஒவ்வொரு முறையும் உலர்ந்த இலைகளையோ தென்னைநார்க் கழிவையோ தூவி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் எழாது. காசிமேட்டு மீனின் கழிவை இரண்டிலும் இடக்கூடாது. மீன் அலசிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். ஒண்டுக்குடித்தன வீடுகளுக்கு நான் பானையையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். நிழலான கொல்லை உள்ளவர்கள் புழுக்களை வளர்க்கட்டும்.