சுரங்க விளக்குக்கு மறுபடி எண்ணெய் ஊற்ற: சட்டைப்பைக் குப்பியும் அதன் போட்டியாளர்களும்

பழைய சுரங்க விளக்குகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தை ஒப்பிடுவார்கள், இல்லாவிட்டால் கண்டுபிடித்தவர் யார் என்று பார்ப்பார்கள். விளக்கில் இருப்பது தீர்ந்துபோனால் ஆள் என்ன செய்வான் என்பதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் இலினாய், இண்டியானா, ஒகாயோ நிலக்கரி வயல்களில் எட்டு மணி நேர வேலை வந்ததே 1898-ல்தான். பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரிச் சுரங்கங்களில் 1903-ல் ஒன்பது மணி நேரம் என்று தீர்ப்பானது. தொப்பியில் மாட்டும் சின்ன விளக்கு எதுவும் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் எரியாது. அதனால் பையில் எதைக் கொண்டுபோவது என்பது தினமும் எடுக்க வேண்டிய முடிவு. இந்த அலசல் அந்தப் பையைப் பற்றியது. காலம் ஏறக்குறைய 1880 முதல் 1915 வரை.

சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நெய்வேலி ஞாபகம் வரும். அது திறந்தவெளிச் சுரங்கம், தலைக்கு மேல் வானம் இருக்கும். இங்கே பேசப்போவது விளக்கு அணைந்தால் தன் கையே தனக்குத் தெரியாத இடம்.

முதலில் எண்ணெய்க் குப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துச் சுரங்கங்களில் தோன்றி, அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போன திரி விளக்கு ஒன்று உண்டு. கெண்டியைச் சுருக்கிக் கைக்குள் அடங்க வைத்தது போல இருக்கும். மூக்கு வழியாகத் திரி, மேலே கீல் வைத்த மூடி, பின்னால் துணித் தொப்பியில் மாட்ட ஒரு கொக்கி. அதன் வயிறு சின்னது என்பதால் ஒரு ஷிஃப்ட்டுக்குள் பல முறை எண்ணெய் ஊற்றியாக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குப்பி: உடம்போடு ஒட்டும்படி தட்டையாக அடித்த தகரம், குறுகிய கழுத்து, திருகு மூடி அல்லது தக்கை.

ஊற்றுவது எளிது. தொப்பியைக் கழற்று, மூடியைத் திற, ஊற்று, திரியைக் கம்பியால் கொஞ்சம் மேலே இழுத்துவிடு, அவ்வளவுதான். இதற்குத் தண்ணீர் வேண்டாம், கழிவு எதுவும் மிஞ்சாது, பாதி காலியான விளக்கிலும் ஊற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதி, தண்ணீர் பட்டால் வாயு தரும் கல்லைக் கொண்டு எரியும் கார்பைடு விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் இல்லை. கார்பைடு விளக்கில் பழையதைக் கொட்டாமல் புதியதைப் போட முடியாது. மெழுகுவர்த்தியை எரிகிறபோது நீளமாக்க முடியாது.

தொல்லை குப்பியைவிட உள்ளே இருந்த எண்ணெயால்தான் அதிகம். நல்ல சரக்கு என்றால் பன்றிக் கொழுப்பைக் குளிரவைத்துப் பிழிந்தெடுத்த எண்ணெய், அல்லது பருத்திக்கொட்டை எண்ணெய். கொழுப்பெண்ணெய் குளிரில் கெட்டியாகும். பனிக்காலத்தில் வீட்டிலிருந்து சுரங்க வாய்க்கு நடந்துபோகும்போது வெளிப்பையில் வைத்தால், உள்ளே போய்க் கவிழ்த்தால் இறங்காது. உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தால் கசிவு நேரே உள்சட்டைக்குப் போகும். தகரத்தைப் பற்றவைத்த விளிம்பு, குனிந்து நிமிர்ந்து கரி வெட்டுகிறவன் இடுப்பில் எத்தனை நாள் தாங்கும்? குப்பியின் வளைவும் திருகு மூடியும் இந்தக் கசிவுக்குச் சொன்ன பதில்கள். பாதி பதில்கள் என்றுதான் சொல்வேன்.

மலிவு எண்ணெய் இன்னும் மோசம். மண்ணெண்ணெயையோ வேறு கனிம எண்ணெயையோ கலந்தால் குளிரில் இறுகாது, விலையும் குறையும். ஆனால் புகை கக்கும். காற்றோட்டம் சுமாரான அறையில் நாலு பேர் தலையிலும் அப்படி ஒரு விளக்கு எரிந்தால் கதை முடிந்தது. கொழுப்பெண்ணெய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 40 டிகிரியை ஒட்டிய சூடே போதும், விளக்கின் உடல் தலையில் சூடேறுகிற அளவே கிட்டத்தட்ட அது. பென்சில்வேனியா உள்ளிட்ட சில மாநிலங்கள், சுரங்கத்தில் என்ன எண்ணெய் எரிக்கலாம் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. காரணம் எளிமையானது. எண்ணெய் தொழிலாளியின் செலவு. வெடிமருந்தையும் எண்ணெயையும் அவர் தன் கூலியிலிருந்து, பல இடங்களில் கம்பெனிக் கடையில், கம்பெனி சொன்ன விலைக்கு வாங்கினார். ஆந்த்ரசைட் தொழிலாளர்களின் பழைய மனக்குறைகளில் இதுவும் ஒன்று. மலிவு எண்ணெய் வாங்கினார்கள் என்று அவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது போட்டியாளர் பாரஃபின் மெழுகு. ‘சன்ஷைன்’ வகை விளக்கு என்று பெயர். பார்வைக்கு அதே மூக்கு விளக்குதான், உள்ளே போடுவது மெழுகுக் கட்டி. சுடரின் சூட்டை உள்ளே இழுத்துவரச் செம்புத் துண்டு ஒன்று மூக்கோடு போகும், அது மெழுகை உருக்கிக்கொண்டே இருக்கும். பையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இதுதான் வெற்றியாளர். கசிவு இல்லை, குப்பியே தேவையில்லை, காகிதத்தில் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். புகையும் குறைவு.

ஆனால் விளக்கு ஒருமுறை அணைந்துவிட்டால்? மெழுகு திரியைச் சுற்றி இறுகிவிடும். அது இளகி மேலே ஏறும்வரை சுடர் தடுமாறும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்திலும் காற்று வேகமாக வீசும் பாதையிலும் விளக்கு அடிக்கடி அணையும். அங்கே இது பெரிய இடைஞ்சல்.

மெழுகுவர்த்தியைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அது வேறு உலகம். நிலக்கரியில் அதன் காலம் முன்பே போய்விட்டது. அமெரிக்க மேற்கின் வெள்ளி, செம்புச் சுரங்கங்களிலும் இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கங்களிலும்தான் அது ஆண்டது. கார்ன்வாலில் கெட்டியான தொப்பியின் முன்புறம் களிமண் உருண்டையால் வர்த்தியை ஒட்டிக்கொண்டு, மிச்ச வர்த்திகளைத் திரி முடிச்சில் சட்டைப் பொத்தானில் தொங்கவிடுவார்கள். மேற்கு அமெரிக்காவில் ஒரு ஷிஃப்ட்டுக்கு மூன்று வர்த்தி என்பது பரவலான கணக்கு. பாறைப் பிளவில் குத்த ஒரு முனையும் மரத்தில் மாட்ட ஒரு கொக்கியும் வைத்த இரும்புத் தண்டு அதற்குத் துணை. எரிகிற வர்த்தியின் நீளமே நேரம் சொல்லிவிடும், அது நல்ல வசதி. மாட்டுக்கொழுப்பு வர்த்தியை எலி தின்றுவிடும், அது கெட்ட செய்தி.

இப்போது உண்மையான போட்டி: கார்பைடு.

கால்சியம் கார்பைடு நமக்கு அறிமுகமான சரக்குதான். தடை இருந்தும் மாங்காயைப் பழுக்க வைக்கக் கள்ளத்தனமாகப் போடும் அதே ‘கார்பைடு கல்’. அதை மலிவாகத் தயாரிக்கும் வழி 1892-ல் வட கரோலினாவில் தாமஸ் வில்சனுக்கும் ஜேம்ஸ் மோர்ஹெட்டுக்கும் கிடைத்தது, அதுவும் அவர்கள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது. 1900-ல் நியூயார்க்கின் ஃபிரெடெரிக் பால்ட்வின் கையடக்க அசிட்டிலீன் விளக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளுக்குள் ஜஸ்ட்ரைட், ஆட்டோ-லைட் என்று பல பெயர்களில் பித்தளைத் தொப்பி விளக்குகள் வந்து குவிந்தன. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைடு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்க, அசிட்டிலீன் வாயு கிளம்பி முன்னால் உள்ள நுண்துளையில் வெள்ளையாக எரியும். எண்ணெய்த் திரி ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம், நன்றாகப் பராமரித்தால் கொஞ்சம் கூட. கார்பைடு அதைப் போல நாலைந்து மடங்கு, பின்னால் பளபளக்கும் தட்டு வேறு. கூரையில் விரிசல் தெரியும், கரியோடு கலந்த கல் தெரியும். வெட்டிய கரியின் எடைக்கு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு இது நேரடி வருமானம்.

அப்படியானால் பையில் என்ன? அதே போலத் தட்டையான ஒரு குப்பிதான், வாய் மட்டும் அகலம், ஏனென்றால் உள்ளே இருப்பது கட்டி. ஒரு நிரப்பு விளக்கின் அளவைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் வரும், எனவே ஷிஃப்ட்டுக்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். வேதியியல் கணக்கைப் பார்த்தால் சுவையாக இருக்கும்: 64 கிராம் கார்பைடுக்கு 36 கிராம் தண்ணீர், கிடைப்பது 26 கிராம் வாயு, மிஞ்சுவது 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. அதாவது போட்டதைவிட எடை கூடிய கழிவைச் சுரண்டிக் கொட்ட வேண்டும். எண்ணெய்க்காரன் ஊற்றி மூடிவிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பான்; இவன் இன்னும் சேற்றைத் தட்டிக்கொண்டு, நுண்துளையில் அடைத்த கரியை மெல்லிய கம்பியால் குத்திக்கொண்டு இருப்பான்.

தண்ணீர் தனிப் பிரச்சினை. ஈரமான சுரங்கத்தில் காலடியிலேயே கிடைக்கும். வறண்ட இடத்தில் குடிக்கும் தண்ணீரில் கை வைக்க வேண்டும், அதுவும் தீர்ந்தால் சிறுநீர். இது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை, விளக்கு எரியும், நாற்றத்தைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குப்பியின் மூடி இங்கே உயிர் விஷயம். எண்ணெய்க் குப்பி கசிந்தால் சட்டை பாழ். கார்பைடு குப்பிக்குள் ஈரம் புகுந்தால் பைக்குள்ளேயே அசிட்டிலீன் கிளம்பும். காற்றில் இரண்டரை சதவீதம் கலந்தாலே அது வெடிக்கத் தயார், மேலே தொப்பியில் திறந்த தீ எரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே திருகு மூடியின் உள்ளே இறுக்கமான வளையம், விளிம்பில் பள்ளமில்லாத வாய், இதெல்லாம் அலங்காரம் இல்லை. அதே சமயம் நெருப்புக்குச்சி தேவையில்லை என்பது கார்பைடுக்கு ஒரு பெரிய பலம். பளபளப்புத் தட்டில் பொருத்திய சக்கரத்தில் சிக்கிமுக்கி இருக்கும். உள்ளங்கையால் தட்டை மூடி வாயுவைச் சேரவிட்டு, கையை இழுக்கும் வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றினால் ‘டப்’ என்று பற்றிக்கொள்ளும்.

இதுவரை பார்த்தால் கார்பைடுதான் என்று தோன்றும். வேலையின் கணக்கில் நானும் அதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு இடத்தில் பழைய எண்ணெய் விளக்கு அதைத் தோற்கடிக்கிறது. கைவிட்ட பக்கக் குழிகளில் ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கி நிற்கும். எண்ணெய்ச் சுடர் ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போதே அணைந்துவிடும், ஆள் திரும்பி ஓட நேரம் இருக்கும். அசிட்டிலீன் சுடர் 12, 13 சதவீதம்வரை விடாப்பிடியாக எரியும். அந்த அளவில் மனிதனுக்குத் தலை சுற்றி, யோசனை குழம்பி, கால் தள்ளாட ஆரம்பித்துவிடும். விளக்கு எரிகிறதே என்று நம்பி நடப்பவனை அது ஏமாற்றிவிடும். வெளிச்சத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போடுகிறவர்கள் விட்டுவிடுகிற விஷயம் இது. பழைய குழிகளுக்குள் அடிக்கடி போக வேண்டிய ஆளுக்கு நான் எண்ணெயைத்தான் சிபாரிசு செய்வேன், கசிந்தாலும் பரவாயில்லை.

தீப்பொறி பட்டால் வெடிக்கும் மீத்தேன் வாயு உள்ள சுரங்கம் என்றால் இந்த விவாதமே கிடையாது. 1815-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி கம்பி வலைக்குள் சுடரை அடைத்துக் காட்டிய பிறகு, அங்கே விளக்கின் இடம் வேறானது. மேலே விளக்கு அறையில் எண்ணெய் ஊற்றி, பூட்டி, ஆளிடம் கொடுப்பார்கள். கீழே திறக்கக் கூடாது, அதனால் பூட்டுக்கு ஈயத் தக்கை, காந்தம் என்று விதவிதமான ஏற்பாடுகள். அங்கே பையில் எண்ணெய்க் குப்பி வைத்திருப்பதே தவறு, நெருப்புப்பெட்டி வைத்திருப்பதற்குச் சமம்.

மீத்தேன் இல்லை என்பதும் முழு நிம்மதி தராது. 1909 நவம்பர் 13 அன்று இலினாயின் செர்ரி சுரங்கத்தில் மின்விளக்கு பழுதாகி, மண்ணெண்ணெய்ப் பந்தங்கள் மாட்டியிருந்தார்கள். கோவேறு கழுதைகளுக்கான வைக்கோல் வண்டி ஒன்றில் அந்தத் தீ பிடித்தது. 259 பேர் இறந்தார்கள். கொழுப்பெண்ணெயா மண்ணெண்ணெயா என்ற கேள்வி கடைக்காரரின் லாபத்தோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1914-ல் எடிசனின் மின் தொப்பி விளக்கு வந்தது. இடுப்பில் மின்கலம், தலையில் பல்பு, ஒரு முறை சார்ஜ் செய்தால் முழு ஷிஃப்ட்டுக்கும் தாங்கும். நிரப்புவது மேலே, கம்பெனியின் அறையில், ஆள் தூங்கும் நேரத்தில். நிலக்கரியில் எண்ணெய்க் குப்பிக்கு அதன் பிறகு அதிகம் வேலை இருக்கவில்லை. கார்பைடு மட்டும் சின்னச் சுரங்கங்களிலும், பிற்பாடு குகைக்குள் இறங்குகிறவர்களிடமும் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது.

இந்தப் பொருட்களைச் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பொருள் விற்கிற இடங்களில் இரண்டு குப்பிகளையும் ஒரே பெயரில் கலந்து விற்பார்கள். வாயைப் பாருங்கள்: குறுகிய கழுத்து என்றால் எண்ணெய், இரண்டு விரல் நுழைகிற அகல வாய் என்றால் கார்பைடு. அகல வாய்க் குப்பியைக் கழுவுவதற்கு முன் திறந்தவெளியில் கவிழ்த்துத் தட்டுங்கள். மூலையில் நாலு கட்டி ஒட்டியிருந்தால் தண்ணீர் பட்டதும் பூண்டு நாற்றத்தோடு நுரைக்கும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது.