கூர் இருந்தும் அறுக்காத கத்தி

2017இல் திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு பட்டறையில் 250 ரூபாய்க்கு வாங்கிய இரும்புக் கத்தி இன்றும் எங்கள் அடுப்படியில் புழங்குகிறது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கும் அந்த ஊர் அரிவாளுக்குப் பேர்போனது. கத்தியையும் அரிவாள் கணக்காகவே தடிமனாக அடித்திருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தக்காளித் தோலில் வைத்தவுடன் இறங்கும். கேரட்டில் பாதி தூரம் போய் நிற்கும். அழுத்தினால் ‘டக்’கென்று உடைந்து துண்டு மேடையை விட்டு ஓடும். ஒரு நாள் அந்தத் துண்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வெட்டுமுகத்தின் மேல்பாதி வழவழப்பு, கீழ்ப்பாதி விறகு பிளந்தது போலச் சொரசொரப்பு. கத்தி பாதியை அறுத்து, மீதியை ஆப்பு மாதிரி பிளந்திருக்கிறது.

கூர் போதவில்லை என்று நினைத்து, சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இரண்டு முறை கொடுத்தேன். பொறி பறந்து, கத்தியின் வாயோரம், அதாவது வெட்டும் விளிம்பில், நீலம் பாரித்தது. சூட்டில் இரும்பின் உறுதி இறங்கிவிட்டதற்கு அது அடையாளம். நாலு நாளில் மழுங்கியது. அதைவிடக் கேடு வேறு. சாணை பிடிக்கப் பிடிக்க வாய் தேய்ந்து முதுகை நோக்கி ஏறும், அங்கே உடம்பு தடிமன். கூர் வரும், அறுப்பு வராது.

அம்மாவின் அரிவாள்மனை கூரில் என் கத்தியிடம் தோற்கும். ஆனால் தகடு மெல்லியது. அம்மா காயை அழுத்துவதில்லை, வளைவில் இழுத்துவிடுவார். வாழைக்காய் சீவல் சீவலாக விழும்.

2021இல் கத்தியைப் பட்டறைக்கே எடுத்துப் போனேன். கொல்லர் கத்தியின் வாயிலிருந்து முதுகுவரை இரு விரலால் கிள்ளிப் பார்த்து, “கூர் கிடக்கட்டும் தம்பி, உடம்பைக் குறைக்க வேண்டும்” என்றார். தண்ணீரில் முக்கி முக்கி இரு பக்கமும் தேய்த்தார். முதுகு 4 மில்லிமீட்டர் அப்படியே இருக்க, வாய்க்குச் சற்று மேலே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தது. மீதி என் வேலை: 1000 எண் சாணைக்கல்லில் பக்கத்துக்கு 15 பாகை அளவில் சாய்த்து, விளிம்பில் மெல்லிய இரும்புப் பிசிறு எழும்வரை தேய்த்து, பழைய தோல் பெல்ட்டில் இழுத்துப் பிசிறை எடுத்தேன்.

இப்போது கேரட் சத்தமில்லாமல் விழுகிறது. சின்ன வெங்காயம் நசுங்காததால் கண் எரிச்சலும் குறைந்தது. உருளைக்கிழங்குத் துண்டு மட்டும் முன்பைவிட அதிகமாகக் கத்தியில் ஒட்டுகிறது. எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் சோறு வடிப்பதற்குள் கறுத்துவிடும். கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கிறேன்.

மெலிந்த வாய் முரட்டு வேலை தாங்காது. போன தீபாவளிக்கு வந்த விருந்தாளி ஒருவர் இதே கத்தியால் தேங்காய்ச் சிரட்டையை நெம்பினார். அரிசிமணி அளவுக்குப் பட்ட பொக்கை இன்னும் போகவில்லை. கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.