இரண்டு கிலோ ஆம்பும் குமரி மாவட்டத்து மேடைகளும்

பேஸ் கிட்டாருக்கு, அதாவது அடி ஒலி தருகிற கிட்டாருக்கு, சின்ன ஆம்ப் வாங்கலாமா என்று கேட்கிற தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான்: தாராளமாக வாங்கு, ஆனால் அதை வைத்து ஊருக்கே கேட்க வைக்கலாம் என்று நினைத்து வாங்காதே. அது உன் காதுக்கு. ஊருக்கு மைக் செட் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் சின்ன ஆம்பைப் போல ஒரு வசதி கிடையாது. புரியாமல் வாங்கியவர்கள் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் பழையபடி பெரிய பெட்டியைத் தூக்குகிறார்கள்.

என்னிடம் இருப்பது இரண்டு கிலோவுக்கும் குறைவான ஒரு ஹெட் (ஒலியைப் பெருக்குகிற பகுதி), கூடவே ஒற்றைப் பத்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த ஒரு கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி). பிராண்டைச் சொல்லவில்லை. இந்த அளவில் வருகிற எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பொருந்தும். ஹெட் கிட்டார் பையின் முன் ஜிப்புக்குள் போய்விடும். கேபினெட்டை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்தால் மார்த்தாண்டத்திலிருந்து முட்டம் வரை ஆடாமல் அசையாமல் வரும். இதற்கு முன் பதினைந்து இஞ்ச் காம்போ (இரண்டும் ஒரே பெட்டியில்) ஒன்று வைத்திருந்தேன். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், கொண்டுபோக லோடு ஆட்டோ வேண்டும், கடற்கரை ஊர் என்றால் மணலில் இறக்கி மேடை வரை சுமக்க இன்னும் ஒரு ஆள் வேண்டும். வாங்குகிற சம்பளத்தில் ஆட்டோ வாடகை போனால் மிச்சம் சாயாக் காசுதான்.

எடை எப்படி இவ்வளவு குறைந்தது? 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி 300 வாட் வால்வு ஆம்ப். ஹெட் மட்டுமே 38 கிலோ அளவில் வரும். எட்டு பத்து-இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த அதன் பெட்டி அறுபது கிலோவைத் தாண்டும். இன்று டிரேஸ் எலியட் எல்ஃப் என்கிற ஹெட் 200 வாட் தருகிறது, எடை முக்கால் கிலோகூட இல்லை. இரும்பும் செம்புமாகக் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் போய், செல்போன் சார்ஜரில் இருக்கிற அதே வகை ஸ்விட்சிங் பவர் சப்ளை வந்தது. கிளாஸ் டி என்கிற வகை சர்க்யூட் மின்சாரத்தைச் சூடாக வீணாக்குவது மிகக் குறைவு என்பதால் சூட்டை வெளியேற்றுகிற பெரிய ஹீட் சிங்க் தேவையில்லாமல் போனது. ஸ்பீக்கரில் ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் எடை குறைந்த நியோடிமியம் காந்தம் வந்தது. அவ்வளவுதான். மந்திரம் எதுவும் இல்லை.

ஆனால் எடையைக் குறைத்தவர்களால் இயற்பியலைக் குறைக்க முடியவில்லை. ஸ்பீக்கர் உலகில் ஹாஃப்மன் விதி என்று ஒன்று சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், அடி ஒலி ஆழமாக இறங்க வேண்டும், சத்தமும் நிறைய வர வேண்டும் என்று கேட்டால் மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பேஸ் கிட்டாரின் திறந்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பிக் கிட்டாரின் பி கம்பி 31. என் பெட்டியில் அந்த அடி ஸ்வரம் ஒழுங்காக வருவதே இல்லை. 82, 123 என்று அதன் மடங்குகள்தான் வருகின்றன. அதைக் கேட்டு மூளையே அடி ஸ்வரத்தை நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் சின்னப் பெட்டியிலும் நாம் வாசிப்பது பேஸாகவே கேட்கிறது. இது தெரியாமல் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் ஸ்பீக்கர் கொரகொரக்கும், சத்தமும் ஏறாது. நான் பேஸைக் கொஞ்சம் குறைத்து, லோ மிட், அதாவது பேஸுக்கு அடுத்து மேலே வருகிற ஒலியைக் கொஞ்சம் ஏற்றி வைக்கிறேன். விரல் எங்கே விழுகிறது என்று தெளிவாகத் தெரிகிறது.

நம் ஊர் மைக் செட்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருவிழாவுக்கு அவர்கள் இறக்குகிற, அடி ஒலிக்கான சப் பெட்டிகளைப் பார்த்தால் நான் கொண்டுபோகிற ஆம்ப் அதன் மேல் வைக்கிற டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். "அண்ணே, பெட்டி வண்டியிலயா இருக்கு?" என்று கேட்காத மைக் செட் பையன் இல்லை. ஆம்பின் பின்னாலுள்ள டி.ஐ அவுட்டிலிருந்து (ஒலியை நேராக மைக் செட்டுக்கு அனுப்புகிற துளை) ஒரு எக்ஸ்.எல்.ஆர் கேபிளை, அதாவது மைக் கேபிளை, அவன் கையில் கொடுத்தால் விஷயம் முடிந்தது. பிரீ (குமிழுக்கு முன்), போஸ்ட் (குமிழுக்குப் பின்) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பிரீயில் வையுங்கள். அப்போதுதான் மேடையில் நமக்காக நாம் திருகுகிற குமிழ் வெளியே போகிற ஒலியைக் கெடுக்காது. உம்மென்று இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் என்கிற சுவிட்சை அழுத்துங்கள்.

அப்படியானால் ஆம்ப் எதற்கு, கிட்டாரை நேராக மைக் செட்டில் இணைக்கிற டி.ஐ பாக்ஸ் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது என் அனுபவம். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காக வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரில் வருவது பெரும்பாலும் பாடுகிறவரின் குரல். பேஸ் முன்னாலிருக்கிற சப் பெட்டியிலிருந்து சுற்றிக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் வரும்போது குழம்பிப் போய், ஒரு இழை தாமதமாக வருகிறது. அதை நம்பி வாசித்தால் டிரம்மரோடு ஒட்டவே முடியாது. நான் கேபினெட்டைத் தரையில் வைப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் சேரில் துவர்த்தை (துண்டை) நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறேன். ஸ்பீக்கர் காதைப் பார்க்கும், முழங்காலை அல்ல. துவர்த்து இல்லாவிட்டால் சேரும் சேர்ந்து பாடும். இப்படி வைத்தால் குமிழைப் பாதிகூடத் திருப்ப வேண்டியதில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. நாகர்கோவில் ஹோம் சர்ச் போன்ற உயர்ந்த கூரையுள்ள பழைய ஆலயங்களில் பேஸ் கொஞ்சம் கூடினாலும் எல்லாம் மொத்தமாக முழங்கிக் கொயர் பாடுவது காணாமல் போய்விடும். அங்கே சத்தம் குறைவாக இருப்பதுதான் நல்லது. சுவர் மூலையில் வைத்தால் பேஸ் தானாகவே ஏறிக்கொள்ளும். ஒரே தொந்தரவு, ஹெட்டுக்குள் இருக்கிற சின்ன ஃபேன். பாட்டுக்கு நடுவே கேட்காது. எல்லோரும் கண்ணை மூடி மௌன ஜெபம் பண்ணும்போது அது மட்டும் விர்ரென்று ஓடும். முன் வரிசையில் இருந்த ஒரு சித்தப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததிலிருந்து ஜெபத்துக்கு முன் அணைத்துவிடுகிறேன்.

இது தோற்கிற இடங்களும் உண்டு. கடற்கரைத் திறந்தவெளி மேடையில் மைக் செட்டில் சப் இல்லையென்றால் சின்ன ஆம்ப் காற்றோடு போச்சு. சுவர் இல்லை, மூலை இல்லை, அலைச் சத்தம் வேறு. சின்ன மண்டபத்து ரிசப்ஷனில், பேஸை மைக் செட்டில் கொடுக்காமல், கை கனமான டிரம்மரோடு வாசிப்பதும் அப்படித்தான். இந்த மாதிரி இடத்துக்கு நான் இரண்டாவது கேபினெட்டையும் கொண்டுபோகிறேன். ஹெட்டில் போட்டிருக்கிற வாட் பெரும்பாலும் 4 ஓமுக்கு (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு). ஒற்றை 8 ஓம் கேபினெட்டில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். இரண்டு 8 ஓம் கேபினெட்டை இணைத்தால் 4 ஓம், முழு சக்தி வெளியே வரும். சக்தி இரட்டித்ததில் 3 டெசிபல், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து தள்ளுவதில் கிட்டத்தட்ட இன்னொரு 3. ஆக 6 டெசிபல் வரை ஏறும். அது காதுக்கு நன்றாகவே தெரியும். வாட் அதிகமான ஹெட்டுக்குக் காசு போடுவதைவிட இது புத்திசாலித்தனம். 200, 250 வாட்டுக்குள் வித்தியாசம் தேடுவது வீண்.

உப்புக் காற்று இதன் பரம எதிரி. குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் வாசித்துவிட்டு வந்தால் வீட்டில் ஜாக்குகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வைக்கிறேன். ஜெனரேட்டர் கரண்டுக்கு 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கிற சப்ளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், எல்லா மாடலிலும் அது இருக்காது. ரிப்பேர்தான் பெரிய தலைவலி. பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை ஊர் ரேடியோ கடை அண்ணனே பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். இதன் போர்டைத் திறந்து பார்த்து, "மக்கா, இதுல நான் எதத் தொட?" என்று திருப்பிக் கொடுத்தார். கம்பெனி சர்வீசுக்கு அனுப்பினால் பார்சல் போய் வருவதற்குள் ஒரு திருவிழா சீசன் முடிந்துவிடும். அதனால் பையில் ஒரு சாதாரண டி.ஐ பாக்ஸ் எப்போதும் கிடக்கிறது.

டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்கு மட்டும் இதை எடுப்பதில்லை. எங்கள் குழுவில் இன்னொரு தம்பி ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்.எக்ஸ் என்கிற குட்டி ஆம்ப் வைத்திருக்கிறான். நாலு இஞ்ச் ஸ்பீக்கர் நாலு, மொத்தம் 5 வாட், ஆறு பென்சில் செல்லில் ஓடும். வீட்டு முற்றத்தில் நின்று பாடுகிற கூட்டத்துக்கு அது தாராளம். ரீசார்ஜ் செல் இரண்டு செட் வைத்திருக்கிறான். ஒன்று இன்றைக்கு, மற்றது நாளை ராத்திரிக்குச் சார்ஜில்.