எட்னாவா, கிளிஃப்டனா?
கற்பனைப் பாத்திரமாகவே மேடையேறிச் சிரிக்கவைக்க நினைப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது ஒன்றுதான்: இது வேஷம் என்று அரங்குக்குத் தெரியலாமா, கூடாதா?

ஆஸ்திரேலிய நகைச்சுவை நடிகர் பேரி ஹம்ஃப்ரீஸ் 1955இல் மெல்பர்னில் தொடங்கிய டேம் எட்னா என்ற பெண் வேஷம் முதல் வகை. ஊதா முடி, இரு ஓரமும் மேலே வளைந்த கண்ணாடி. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். பிறகு முன்வரிசைப் பெண்ணிடம் வீடு எங்கே, படுக்கையறைக்கு என்ன நிறம் என்று பாசமாக விசாரித்து, அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேலியை எடுப்பார். கேள்வி சின்னது என்பதால் யாரும் தயங்காமல் பதில் சொல்வார்கள். கடைசியில் கிளாடியோலஸ் பூக்களை அரங்கை நோக்கி வீசுவார். கேலி செய்யப்பட்டவர் கையிலும் ஒரு பூ! எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனின் டோனி கிளிஃப்டன் நேரெதிர்: அரங்கத்தையே திட்டும் திமிர்பிடித்த லாஸ் வேகஸ் பாடகர், தடித்த ஒப்பனை, கறுப்புக் கண்ணாடி. அந்தப் பாடகர் வேறு ஆள், தானல்ல என்று காஃப்மன் சாதித்தார். நண்பர் பாப் ஸ்முடாவும் அதே வேஷத்தில் வந்ததால் சந்தேகப்பட்டவர்களும் குழம்பினார்கள். ஆனால் வேஷம் என்று தெரியாதவருக்கு வசவு வசவாகவே விழும்.

ஐந்து நிமிட வாய்ப்புக்கு எட்னா வழிதான் சரி. கிளிஃப்டன் வழிக்கு நம்பகமான கூட்டாளியும், மேடைக்கு வெளியிலும் கலையாத வேஷமும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே அரங்கம் இறுகிவிடும்.