பாப் ஸ்மியர் பார்க்கும் கண்ணை எப்படி அளப்பது?

பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியைத் தேட அங்கிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை. கடலூரில் எடுக்கப்படும் ஸ்லைடுகளில் ஒரு பகுதி புதுச்சேரியில் எங்கள் மேசைக்கு வருகிறது. பெரும்பாலும் நெகட்டிவ், சிக்கலே அதில்தான். நூற்றில் 95 இயல்பானவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியைத் தொடாமலே எல்லாவற்றுக்கும் ‘இயல்பு’ என்று எழுதுகிற ஆள் 95 மதிப்பெண் வாங்கிவிடுவார்! தற்செயலான பொருத்தத்தைக் கழித்துக் கணக்கிடும் கப்பா எண்ணில் மட்டும் அவருக்குப் பூச்சியம்.

ஆகவே, எத்தனை சரி என்று எண்ணிப் பேத்தாலஜிஸ்டை எடைபோட முடியாது. அதிகம் பேசப்படும் வழி பத்து சதவீத மறுபார்வை. அமெரிக்காவின் 1988 சட்டத்தால் வந்தது. நெகட்டிவ்களில் குறைந்தது பத்தில் ஒன்றை மறுபடி பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் இதன் பலவீனம் வெளிப்பட்டுவிடும். 1,000 நெகட்டிவில் 10 தவறு ஒளிந்திருந்தால், குருட்டாம்போக்கில் எடுக்கும் 100-ல் சராசரியாக ஒன்று சிக்கும். மாதம் இருநூறு ஸ்லைடு பார்க்கும் எங்களுக்கு அந்த ஒன்று கிடைக்கவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதை வைத்து யாரை என்ன சொல்வது?

பிரிட்டனில் வேரூன்றிய விரைவுப் பார்வை வேறு மாதிரி. எல்லா நெகட்டிவையும் ஓரிரு நிமிடத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கூட்டமாகக் கிடக்கும் கறுத்த, பெருத்த உட்கருக்கள், அதாவது இயல்பு மாறிய செல்களின் அடையாளம், கண்ணில் படும். ஓரத்தில் தனித்து நிற்கும் செல் நழுவலாம். ஆனால் ‘இது நெகட்டிவ்’ என்று தெரிந்தபின் பார்க்கும் கண் சோம்பிவிடும். அதனால் இதையே முதலில் செய்வது எனக்கு உயர்வாகப் படுகிறது: முடிவு தெரியாமல் ஒருவர் வேகமாகப் பார்க்கட்டும், பிறகு இன்னொருவர் முழுதாகப் பார்க்கட்டும். இருவரும் முரண்படும் ஸ்லைடை மூத்தவர் பார்த்தால், யார் எதை விட்டார் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

இரண்டு மணி நேரத்தில் 10 ஸ்லைடு, தேற 90 மதிப்பெண் என்ற அமெரிக்கத் தேர்வும் உண்டு. தேர்வு அறையில் யாருக்குத்தான் கவனம் சிதறும்? சாப்பாட்டுக்குப் பின் வரும் நாற்பதாவது ஸ்லைடை அது அளப்பதில்லை.

திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சியோடு ஒப்பிடுவது மிக நேர்மையான வழி. ஆனால் பயாப்சிக்குப் போவது பெரும்பாலும் பாசிட்டிவ் வந்தவர்கள்தான். நெகட்டிவ் ரிப்போர்ட் வாங்கியவர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்; அவரிடம் எதையாவது விட்டோமா என்று தெரிவதில்லை.

முன்கூட்டிய விரைவுப் பார்வைக்கு இரண்டு ஜோடிக் கண்கள் வேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்றரை. அந்த அரை, பிற்பகலில் ரத்த ஸ்மியர் பார்க்கப் போய்விடும்.