டிரெஸ்டன் பூங்கா ரயில்: ஒரு பழைய கார்டு பார்த்தது

முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் கார்டாக இருந்தவன் நான். ஜெர்மனியில், டிரெஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், "அப்பா, குரோசர் கார்டன் பூங்காவில குட்டி ரயில் ஓடுது, பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றான். பொருட்காட்சி ரயில் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

டிக்கெட் கொடுத்தவனுக்குப் பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம். பிளாட்பாரத்தில் சீருடையோடு ஒரு சிறுமி, பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேத்தி வெளியே நீட்டிய கையை உள்ளே எடுக்கச் சொன்னாள். நானும் என்னை அறியாமல் "சரிங்கம்மா" என்றேன். முன்னும் பின்னும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் புறப்பட சைகை கொடுத்தாள். எங்கள் டிவிஷனில் இந்த நிதானம் இல்லாத ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன்.

இங்கே இஞ்சின் ஓட்டுவது மட்டும்தான் பெரியவர்கள். மற்ற வேலைகளில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 1950 ஜூன் 1 அன்று தொடங்கியதிலிருந்து இப்படித்தான். ஐந்து வருடத்துக்கு முன், 1945 பிப்ரவரியில், குண்டுவீச்சில் ஊரோடு சேர்ந்து இந்தப் பூங்காவும் நாசமாகியிருந்தது. கிழக்கு ஜெர்மனி காலத்தில், அங்கிருந்த 'பயனியர்' என்ற சிறுவர் இயக்கத்தின் பெயரால், 'பயனியர் ரயில்' என்று அழைத்தார்கள். 1990இல் அந்தப் பெயர் போனது, பிள்ளைகள் போகவில்லை.

தண்டவாள அகலம் 381 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அடி. நம் பிராட்கேஜ் 1,676. இந்தப் பூங்காவை அமைக்கத் தொடங்கிய ஆண்டும் 1676! மகனிடம் சொன்னேன், அவன் கண்டுகொள்ளவில்லை.

சுற்று 5.6 கிலோமீட்டர், அரை மணி நேரம். வழியில் விலங்குக்காட்சி சாலை, கரோலா ஏரி. எல்லா வண்டிக்கும் நீராவி இஞ்சின் கிடையாது, பேட்டரியில் ஓடும் இஞ்சினும் உண்டு. அதனால் முதலில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். நீராவி இஞ்சின்கள் 1925இல் மியூனிக்கின் கிராவுஸ் தொழிற்சாலையில் செய்தவை. பொம்மை இல்லை. கரி போட்டு, கொதிகலனில் நீராவி ஏற்றி ஓட்டுகிற அசல் இஞ்சின், அளவு மட்டும்தான் சிறியது. அந்தக் கரிப்புகை வாசனைக்காகவே கொடுத்த காசு தகும்.

உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும். குளிர்காலத்தில் வழக்கமான ஓட்டம் இல்லை, ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போங்கள்.

அடுத்த வாரமும் போனோம். பேத்தி இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றாள். நான் கடைசிப் பெட்டிக்கு இழுத்துப் போனேன். பழக்கம்.