ஈமாக்ஸ் அமைப்புகளுக்கு ஆர்க் மோட்: பல கணினிகளுக்கு ஒரே கோப்பு

உரையும் நிரலும் எழுத உதவும் ஈமாக்ஸ் எடிட்டரைப் பல கணினிகளில் பயன்படுத்துவோருக்கு, அதை நம் விருப்பப்படி இயங்கவைக்கும் அமைப்புக் கோப்பைப் படியெடுத்துக்கொண்டு போவது பெரிய வேலையன்று. ஒரு கணினிக்கெனச் செய்த மாற்றம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது சில மாதங்களில் மறந்துபோவதே உண்மையான தொல்லை. அதற்கு நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த தீர்வு, ஈமாக்ஸுடனேயே வரும் ஆர்க் மோடின் (தலைப்பிட்டுக் குறிப்பெழுதும் முறை) பேபல் வசதி; குறிப்புகளுக்கிடையே நிரலையும் வைக்க அது இடம் தருகிறது. நிரலை மனிதர் படிக்கும் கட்டுரையாக எழுதி, கணினிக்குரியதை அதிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்று கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத் 1984இல் ‘லிட்டரேட் புரோகிராமிங்’ என்ற பெயரில் விளக்கிய முறையே இதன் அடிப்படை.

ஆர்க் கோப்பில் தலைப்பிட்டு, விளக்கம் எழுதி, அதன்கீழ் ஈமாக்ஸின் அமைப்புகளை எழுதும் மொழியான லிஸ்பில் நிரல்துண்டை வைக்கிறோம். பிரித்தெடுக்கும் வேலையைச் செய்யும் டேங்கிள் கட்டளை துண்டுகளை மட்டும் திரட்டி, ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பாக எழுதித் தருகிறது. ஒரு துண்டு எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடத்தில் கோப்பின் பெயருக்குப் பதிலாக லிஸ்ப் நிபந்தனையையே எழுதலாம் என்பதால், கணினியின் பெயரையோ இயங்குதளத்தையோ சோதித்து, பொருந்தாத துண்டை விலக்கிவிட முடிகிறது. தமிழ் எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம்: விண்டோஸுக்கு நிர்மலா யுஐ, மேக்குக்குத் தமிழ் சங்கம் எம்என், லினக்ஸுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என மூன்று துண்டுகளும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. மேக்கில் டாக்கிலிருந்து (திரையோரச் செயலிப் பட்டை) திறக்கும் ஈமாக்ஸுக்கு, ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் இடம்) அமைத்த பாத், அதாவது நிரல்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல், கிடைப்பதில்லை. அதை எடுத்துவரும் சில வரிகளுக்கு மேலே இந்தக் காரணமும் எழுதப்பட்டிருந்தால், லினக்ஸ் கணினியில் அமர்ந்து கோப்பைத் திருத்தும்போது அவ்வரிகளை வேண்டாதவை என்று அழிக்க மாட்டோம். இந்த ஒரு பயனுக்காகவே இம்முறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோப்பு வெறும் உரை என்பதால் கணினிகளுக்கிடையே கொண்டுசெல்ல, கோப்பு மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் மென்பொருள் போதும். கடவுச்சொற்களை மட்டும் அதில் வைக்கவே கூடாது.

குறைகளும் உண்டு. பிழை நேர்ந்தால் ஈமாக்ஸ் சுட்டுவது பிரித்தெடுத்த லிஸ்ப் கோப்பின் வரியையே தவிர, நாம் எழுதிய ஆர்க் கோப்பின் வரியை அன்று. துண்டுகளுக்கு ‘கமென்ட்ஸ் லிங்க்’ என்று குறித்துவைத்தால் மூல இடத்துக்குத் திரும்ப வழி கிடைக்கும். தொடக்கத்திலேயே ஆர்க் கோப்பை நேராக ஏற்றச் சொன்னால், ஈமாக்ஸுடன் வந்த பழைய ஆர்க் முதலில் ஏறிவிட, பின்னர் நிறுவிய புதிய பதிப்பு அதனுடன் மோதும். திறக்கும் நேரமும் கூடும். ஆகவே கோப்பைச் சேமிக்கும்போதே டேங்கிள் செய்துவிட்டு, ஈமாக்ஸ் தொடங்கும்போது லிஸ்ப் கோப்பை மட்டும் படிக்குமாறு அமைப்பதே நல்லது. கிட் வழியாகக் கோப்பைப் பெறும் மற்றக் கணினிகளில் டேங்கிள் கட்டளையை ஒருமுறை தனியே இயக்க வேண்டியிருக்கும்.